கோப்பைக்குப் பின்னால் மறைந்த நோய்

கேள்வி: ஆர்சனல் கால்பந்து அணியின் தலைவராக இருந்த டோனி ஆடம்ஸ் குடிநோயாளி என்று அறிந்து வியந்தேன். அந்த நிலையில் இத்தனை ஆண்டுகள் அவரால் எப்படி ஆட முடிந்தது? ஓய்வுக்குப் பிறகு மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டாரா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆட முடிந்ததுதான் அவருக்கு நேர்ந்த பெருங்கேடு என்று கருதுகிறேன். 21 வயதிலேயே அணித்தலைவரான ஆடம்ஸ், 1990இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்துக்குள்ளாகி, அவ்வாண்டு டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்று, அதில் பாதியளவு காலத்தைச் சிறையில் கழித்தார். ஆனால் அவர் வெளியே வந்து சேர்ந்துகொண்ட ஆர்சனல், அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான லீக்கில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றுப் பட்டத்தை வென்றது. கோப்பையை ஏந்தி நிற்பவரிடம் சிகிச்சைக்குப் போகும்படி யார் சொல்வார்கள்? அதுவும், ஆட்டம் முடிந்ததும் கூடிக் குடிப்பதே தோழமை என்று ஆங்கிலக் கால்பந்து நம்பிய காலம் அது.

1996 ஜூனில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து ஜெர்மனியிடம் தோற்றபோது அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. போட்டிக்காக அடக்கிவைத்திருந்த குடி அதன்பின் கரையை உடைத்துக்கொண்டு ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஓடியது. ஆகஸ்ட் 16 அன்று நின்றது. அப்போது அவருக்கு வயது 29. அடுத்த மாதமே தாம் குடிநோயாளி என்பதைச் சக வீரர்களிடம் சொன்னார். எத்தனையோ முரட்டுத் தடுப்பாட்டங்களை ஆடியவருக்கு அந்த ஒரு வாக்கியமே மிகக் கடினமானதாக இருந்திருக்கும் என எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. குடிநோயாளர்கள் கூடித் தம் கதையைப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் அவரைத் தாங்கின. அந்த இலையுதிர்காலத்தில் பயிற்சியாளராக வந்த ஆர்சென் வெங்கர் வீரர்களின் உணவையும் பழக்கங்களையும் சீர்திருத்தியதும் அவருக்குத் துணைநின்றது. 1998இலும் 2002இலும் லீக் பட்டம், தோற்றால் வெளியேற வேண்டிய போட்டியான எஃப்ஏ கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற அணிக்குத் தலைவர், குடியை விட்ட ஆடம்ஸ்தான்.

உங்கள் இரண்டாவது ஐயம் நியாயமானது. ஆரவாரம் ஓய்ந்ததும் அந்த வெறுமையைப் போதையால் நிரப்பிக்கொண்ட வீரர்கள் பலர். ஆடம்ஸ் மீண்டும் குடிக்கவில்லை. 2002இல் ஓய்வு பெற்றபின் வைகோம்ப், போர்ட்ஸ்மத், அஜர்பைஜானின் கபாலா, ஸ்பெயினின் கிரனாடா ஆகிய அணிகளுக்கு அவர் பயிற்சியளித்தது பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் அவருடைய பெரும்பணி வேறிடத்தில் இருந்தது. குடி, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவற்றில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்கான ஸ்போர்ட்டிங் சான்ஸ் மருத்துவமனையை அவர் 2000ஆம் ஆண்டிலேயே, தாம் இன்னும் களத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே நிறுவிவிட்டார்.