நடைக்கணக்கா, தெருக்கணக்கா? குப்பைக் கொந்தராத்து பற்றி வாசகர் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த ஐந்து கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் சபை இரண்டு உழவு இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துக் குப்பை அள்ளுகிறது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று காசு. மாதம் 150 நடைக்குக் குறையாமல் பில் வருகிறது. ஆனாலும் பின் ஒழுங்கைகளில் குப்பை கிடந்தபடிதான். அடுத்த வருடக் கேள்விப்பத்திரத்தில் (டெண்டர் ஆவணத்தில்) எதை மாற்றலாம்?
– பிரதேச சபை உறுப்பினர் ஒருவர்

பதில்: நடைக்குக் காசு கொடுத்தால் நடைதான் வரும். சந்தையடியிலும் பிரதான வீதியிலும் பெட்டியை அரைவாசி நிரப்பிக்கொண்டு போய்க் கொட்டினால் அதுவும் ஒரு நடை. சாரதியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்விப்பத்திரம் அவரிடம் கேட்டது அதைத்தான்.

முதலில் தொடர்ந்து ஏழு நாட்கள் நிறுத்துப் பாருங்கள். சபையிடம் வாகனத் தராசு இல்லையென்றால் கிட்ட உள்ள அரிசி ஆலையிலோ கல்லுடைக்கும் ஆலையிலோ பேசிக்கொள்ளலாம். தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பெட்டியையும் ஒருதரம் நிறுத்துக்கொள்ளுங்கள். எங்களூர் ஈரக் குப்பை கனமீற்றருக்கு 250 முதல் 400 கிலோ வரை வரும். மூன்றரைக் கனமீற்றர்ப் பெட்டி நிரம்பினால் ஏறக்குறைய ஒரு தொன். உங்கள் நடைகள் சராசரி 600 கிலோ காட்டினால், 150 நடைக்குக் காசு கொடுத்து 90 நடைக் குப்பையை அள்ளுவித்திருக்கிறீர்கள்.

அப்படியானால் தொன்னுக்குக் காசு கொடுப்போமே என்பார்கள். அதிலும் ஓட்டை உண்டு. கட்டட இடிபாடும் வளவு மண்ணும் பாரம் கூட்டும், ஆகவே அவைதான் முதலில் ஏறும். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த குப்பை, தண்ணீரின் பாரத்துக்கும் பில் போடும். பொலித்தீனும் ரெஜிபோமும் பாரமில்லாத சாமான்கள். அவற்றை யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள்.

எங்கள் யோசனை தெருக்கணக்கு. ஊரைப் பாதைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் தொடங்கும் சந்தி, முடியும் சந்தி, நீளம், வீடுகளின் எண்ணிக்கை, கிழமை, நேரம் எல்லாம் கேள்விப்பத்திரத்தின் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். 'சபைக்கு உட்பட்ட சகல வீதிகளும்' என்று ஒரே வரியில் எழுதுவதுதான் பின்னால் வரும் முக்கால்வாசிச் சண்டைக்கும் வேர். நேரத்தையும் விடாதீர்கள். இரவே வெளியில் வைத்த பையை நாயும் காகமும் கிழிக்கும். திருகோணமலைப் பட்டினத்துக்குள் என்றால் பிரெட்றிக் கோட்டை மான்களும் வந்து பொலித்தீனைத் தின்னும்.

விலை மாதத்துக்கு ஒரு தொகை. உதாரணமாக நாளுக்கு 12 பாதை, மாதம் 26 நாள் என்றால் 312 பாதைச் சுற்று. மாத விலை 624,000 ரூபாய் என்றால் ஒரு சுற்று 2,000. தவறிய சுற்றுக்கு அந்த 2,000 ரூபாயைக் கழியுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் போய் அள்ளாவிட்டால் மேலும் 1,000. மாதக் கழிப்பு பத்து வீதத்தைத் தாண்டினால் எழுத்தில் எச்சரிக்கை, அதே மீறல் மூன்று மாதம் தொடர்ந்தால் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை. தொகைகள் நியாயமானவையாக இருக்கட்டும். ஆளை மிரட்டவென்று பெரிய தொகை போட்டால் ஒன்றில் யாரும் விலைமனுப் போடமாட்டார்கள், அல்லது வழக்கில் அது நிற்காது. நிறுத்துப் பார்ப்பதைக் கைவிட வேண்டாம். மாதத்தில் இரண்டு நாள், முன்னறிவித்தல் இல்லாமல், சரிபார்ப்புக்கு மட்டும்.

பில்லோடு வரவேண்டியது சாரதியின் நடைப் புத்தகம் அல்ல, பாதைத்தாள். சுற்று முடியும் சந்தியில் நேரம் எழுதி மேற்பார்வையாளர் ஒப்பமிட வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பிய தாளைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். அதைக் கணக்குப் பகுதி திருப்பி அனுப்பட்டும்.

டீசலுக்கு ஒரு வாசகம் கட்டாயம். 2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த லீற்றர், 2022 ஜூன் முடிவில் 460 ஆனது. விலைச் சரிப்படுத்தல் இல்லாத ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? வண்டியை நிறுத்துவார். ஒரு இயந்திரத்துக்கு நாளுக்கு 15 லீற்றர் என்று கேள்விப்பத்திரத்திலேயே நிர்ணயித்தால் இரண்டுக்கும் மாதம் 780 லீற்றர். விலைமனு மூடும் நாளின் விலையை அடிப்படையாக வைத்து, லீற்றருக்கு ஒரு ரூபாய் ஏறினால் 780 ரூபாய் கூட்டவும், இறங்கினால் அதேயளவு குறைக்கவும் எழுதுங்கள். அவர் உண்மையில் எத்தனை லீற்றர் அடித்தார் என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

இனி, சந்தேகத்துக்கிடமான குறைந்த விலை. 2026 ஜனவரி தொடக்கம் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் சேர ஆளுக்கு 34,500. வண்டிக்குச் சாரதியும் மூன்று தொழிலாளரும் என்றால் எட்டுப் பேருக்கு 276,000. டீசல் லீற்றர் 280 ரூபாய் என்று வைத்தாலும் 218,400. டயர், ஒயில், பழுது, காப்புறுதி எதுவுமில்லாமலே 494,400 ஆகிவிட்டது. 450,000 ரூபாய்க்கு ஒருவர் எழுதியிருந்தால், மதிப்பீட்டுக் குழு அவரிடம் விலைப்பிரிப்பை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்தால் மூன்றாம் மாதம் தொழிலாளரின் சேமலாப நிதி நிற்கும், ஐந்தாம் மாதம் வண்டி நிற்கும். சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை ஒவ்வொரு பில்லோடும் கேட்பதை நிபந்தனையாக்குங்கள்.

கேள்வி: குப்பை ஏற்றும் கேள்விக்கு (டெண்டருக்கு) நான்தான் ஆகக் குறைந்த விலை போட்டேன். நிராகரித்து, என்னைவிடக் கூடப் போட்டவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. இது சட்டமா?
– சிறு ஒப்பந்தக்காரர், மூதூர்

பதில்: குறைந்த விலை போட்டதால் மட்டும் வேலை கிடைக்காது. நிபந்தனைகளுக்கு அடிப்படையில் பொருந்தும் விலைமனுக்களுக்குள் மதிப்பிடப்பட்ட ஆகக் குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும். விழுவது பெரும்பாலும் இந்த 'பொருந்தும்' என்ற இடத்தில்தான்.

முதலில் உங்கள் விலைமனுப் பிணையை, அதாவது விலைமனுவோடு வைக்கும் வங்கி உத்தரவாதத்தை, பாருங்கள். கேள்விப்பத்திரம் ஒரு திகதியைச் சொல்லி, அதுவரை செல்லுபடியாக வேண்டும் என்றிருக்கும். வங்கி 'வழங்கிய நாளிலிருந்து 120 நாள்' என்று அடித்துத் தந்திருக்கும். நீங்கள் நாலு நாள் முந்தியே எடுத்துவைத்திருந்தால் நாலு நாள் குறையும். அதோடு கதை முடிந்தது. வங்கிக்குப் போகும்போது கேள்விப்பத்திரத்தில் உள்ள மாதிரிப் படிவத்தைக் கையோடு கொண்டுபோய், அதே வாசகத்தில், திகதியை எழுதி வாங்குங்கள். பிணை யார் பெயருக்கு என்பதையும் பாருங்கள். செயலாளர் பெயருக்குக் கேட்டதைத் தவிசாளர் பெயருக்கு எடுத்து வந்தவர்களும் உண்டு.

அடுத்தது பதிவு. 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி ஐம்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு விலைமனுப் போடுபவர் முன்கூட்டியே பதிந்து, பி.சி.ஏ. 3 சான்றிதழை இணைக்க வேண்டும். மாதம் ஐந்து இலட்சம் என்றால் சின்ன வேலையாகத் தெரியும். வருடத்துக்கு அது அறுபது இலட்சம். சிறு ஒப்பந்தக்காரர் பலர் தடுக்குவது இந்தப் பெருக்கலில்தான்.

முகப்புக் கடிதத்தில் 'டீசல் கூடினால் விலை கூடும்' என்று நீங்களாக ஒரு வரி சேர்த்தீர்களா? அதுவும் நிபந்தனையோடு கூடிய விலைமனு. மனதில் உள்ளதை மூடும் நாளுக்கு முந்தி, விளக்கம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிவித்தல் கிடைத்தவுடன், தாமதிக்காமல், பதிவுத் தபாலில் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் அரசாங்கக் கொள்வனவுக்கான புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. 2006 ஆம் ஆண்டுப் பழைய வழிகாட்டல் புத்தகத்தைப் பார்த்து முறைப்பாடு எழுதினால் உள்ளடக்கம் சரியாக இருந்தாலும் பிரிவு இலக்கம் பிழைக்கும். அடுத்த தடவை விலைமனுத் திறக்கும் நேரத்தில் ஆளாகப் போய் இருங்கள். வாசிக்கும் விலைகளையும் யாருடைய பிணை இருக்கிறது, இல்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: கொம்பாக்டர் (குப்பையை நசுக்கி ஏற்றும் வண்டி) ஒன்று வாங்கக் காசு ஒதுக்கப்பட்டுள்ளது. விவரக்குறிப்பில் எவற்றைச் சேர்க்க வேண்டும்?
– தொழில்நுட்ப உத்தியோகத்தர், கிண்ணியா

பதில்: வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். நசுக்கி இடம் மிச்சம் பிடிப்பது காய்ந்த, பஞ்சுபோன்ற குப்பைக்கு நல்லது. நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. அதை நசுக்கினால் பிழிந்த சாறுதான் வரும், வீதி முழுக்க ஒழுகும். மக்களிடம் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்துத் தரச் சொல்லிவிட்டு இரண்டையும் ஒரே வாய்க்குள் போட்டு அரைத்தால் அடுத்த கிழமையிலிருந்து யாரும் பிரிக்கமாட்டார்கள். கொட்டும் இடம் பதினைந்து, இருபது கிலோமீற்றருக்குள் என்றால், அதே காசுக்கு நடுவில் தடுப்பு வைத்த, தூக்கிக் கொட்டும் பெட்டிகள் இரண்டு மூன்று வாங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து.

வாங்குவது முடிவாகிவிட்டதென்றால், ஊரின் ஆக ஒடுங்கிய திருப்பத்தை நாடா பிடித்து அளந்து, வண்டியின் திரும்பும் ஆரையை அதற்கேற்ப எழுதுங்கள். சாறு சேரும் தாங்கியும் அதை வெளியேற்றும் வால்வும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். கடற்காற்றில் முதலில் போவது குப்பை விழும் தொட்டியின் அடித்தகடு. அதன் தடிப்பையும் துருத்தடுப்புப் பூச்சின் வகையையும் எழுதாமல் விட்டால் ஆக மெல்லியதுதான் வரும். ஹைட்ரோலிக் ஹோஸ், சீல் இரண்டும் அடிக்கடி பழுதாகும். எங்கும் கிடைக்கும் அளவாக அவை இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கான உதிரிப்பாகப் பட்டியலும் விலையும் விலைமனுவோடேயே வர வேண்டும். பழுது சொன்னால் எத்தனை மணித்தியாலத்தில் திருகோணமலைக்கு ஆள் வரும் என்பதையும் கேளுங்கள். கொழும்புக்குக் கொண்டுவாருங்கள் என்ற பதிலை உத்தரவாதம் என்று எண்ணக்கூடாது. கம்பனிப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். ஒரே தேவையை இரண்டு மூன்றாக உடைத்துச் சின்னக் கொள்வனவாகக் காட்டுவதும் கூடாது, கணக்காய்வில் முதலில் அகப்படுவது அதுதான்.

கேள்வி: எங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் குப்பை கொட்டுகிறார்கள். புகை, இலையான், கிணற்றுத் தண்ணீரில் மணம். யாரிடம் போவது?
– வாசகி ஒருவர்

பதில்: கடதாசியிலிருந்து தொடங்குங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் மூன்றைக் கேளுங்கள்: காணி விடுவிப்புக் கடிதம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் அதன் நிபந்தனைகளும், கொட்டும் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன் பிரதி. தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பெரிய சூழல் தாக்க மதிப்பீடு நாளுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட இடங்களுக்குத்தான். அந்த மதிப்பீடு தேவையில்லை என்று சொன்னால் உரிமமும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சபை குறித்துக்கொடுக்காத இடத்தில் கொட்டப்பட்டால் 2009 ஆம் ஆண்டின் 1627/19 இலக்க வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின்படி அது குற்றம்.

கிணற்றுத் தண்ணீரைப் பொது சுகாதாரப் பரிசோதகர் மூலம் மாதிரி எடுத்துச் சோதிப்பியுங்கள். மழைக்கு முந்தி ஒருமுறை, மழைக்குப் பிந்தி ஒருமுறை. இரண்டும் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். புகையை நாளும் நேரமும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். இவை கையில் இருந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதவான் முதலில் நிபந்தனைக் கட்டளை ஒன்றை இடுவார். அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் வந்து காரணம் காட்ட வேண்டும். வெறும் கையெழுத்து மனுவைவிட இது பாரமானது. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அதே பொதியின் பிரதியை அனுப்புங்கள்.

கேள்வி: கடையில் சேரும் காட்போட் பெட்டிகளைப் பழைய சாமான்காரருக்கு விற்கிறேன். குப்பை எல்லாம் சபைக்குச் சொந்தம், விற்கக்கூடாது என்கிறார் வண்டியில் வருபவர்.
– கடைக்காரர், திருகோணமலைப் பட்டினம்

பதில்: விற்கலாம். சட்டம் சபைக்குச் சொந்தமாக்குவது சபை சேகரித்த குப்பையை. பிரதேச சபைச் சட்டத்தில் 94 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது, மாநகர, நகர சபைக் கட்டளைச் சட்டங்களிலும் இதற்கு ஒத்த பிரிவு உண்டு. உங்கள் கடைக்குள் கட்டி வைத்திருக்கும் பெட்டி உங்களுடையது. வெளியில் வைத்து வண்டியில் ஏறிய பிறகுதான் கதை மாறும். அதன் பின் அதை விற்கும் காசு சபைக்கா, ஒப்பந்தக்காரருக்கா, தொழிலாளருக்கா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியது. எழுதாமல் விட்ட இடங்களில்தான் வண்டிக்காரர் கடைக்காரரோடு சண்டைக்கு நிற்கிறார்.