எழுபதுகளின் மலிவான டர்ன்டேபிளுக்கு எந்த கார்ட்ரிட்ஜ் பொருந்தும்?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் 1970களின் ஜப்பானிய டர்ன்டேபிள் ஒன்று மலிவாகக் கிடைத்தது, முள்ளைத் தாங்கும் கை எஸ் வடிவம், முள் உடைந்திருக்கிறது, அதிகம் செலவழிக்காமல் என்ன கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் மாட்டும், முள் பதித்த சிறு பெட்டி) போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பதில்: ஆடியோ-டெக்னிகா விஎம்95இ.

ஏன் என்றால் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நானும் அதே சந்தையில்தான் வாங்கினேன். அந்த டர்ன்டேபிளின் கை நல்ல கனம். அதில் ஒரு கிராம் அழுத்தத்திலேயே ஓடும், மிக மென்மையான பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை, பேர் பெற்றது என்பதற்காகவே மாட்டினேன். தட்டையான ரிக்கார்டில் தேன் போலப் பாடியது. ஆனால் நம் ஊர் வெயிலில் கடைவீட்டு மாடியில் நாற்பது வருஷம் கிடந்த ரிக்கார்டில் வளையாதது எது? வளைந்த ரிக்கார்டு சுற்றும்போதெல்லாம் ஸ்பீக்கரின் பெரிய கோன் சத்தமே இல்லாமல் உள்ளே வெளியே போய் வந்தது. முள் அடிக்கடி தாவியது. ஆயர் ஈத்தாமில் ரேடியோ பழுது பார்க்கும் மாமா ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். கையை ஒரு முறை தூக்கிப் பார்த்தார். "ஏன் தம்பி, லாரிக்கு சைக்கிள் ஸ்பிரிங் போட்டிருக்கே?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். முள்ளைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங். கையும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் உட்காரும் சுமை. இரண்டும் சேர்ந்து தனக்கென ஒரு வேகத்தில் ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் தொல்லையில்லை. அதற்குக் கீழே போனால் ரிக்கார்டின் வளைவும் நீங்கள் தரையில் நடக்கும் அதிர்வும் அதைக் கிளப்பிவிடும். மேலே போனால் பாட்டின் அடித்தளத்தைத் தொட ஆரம்பிக்கும்.

கணக்குப் போடுவதும் சுலபம். கையின் பயனுறு எடை (கை ஆடும்போது முள் உணரும் சுமை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை கம்ப்ளையன்ஸ் எண்ணால் (அந்த ரப்பர் ஸ்பிரிங் எவ்வளவு இளக்கம் என்று சொல்லும் எண்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். என் பழைய ஜோடி: 25 கிராம், கம்ப்ளையன்ஸ் 30. விடை 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே. விஎம்95இ 6.1 கிராம்தான், கம்ப்ளையன்ஸ் 7 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளப்பார்கள், நம் கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் அளவுதான் வேண்டும். அது போட்டிருக்கும் எண்ணைப்போல ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும். 12 என்று வைத்தால் அதே கனமான கையில் 9 ஹெர்ட்ஸ் வருகிறது. முள் அழுத்தம் 2 கிராம் வையுங்கள்.

ஆர்டபோன் 2எம் ரெட்டும் நல்லதுதான், ஆனால் அதன் கம்ப்ளையன்ஸ் 20. நடுத்தர எடைக் கைக்கே அது சரி. டெனான் டிஎல்-103 கனமான கைக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான். சாதாரண போனோ ஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) போதாது, செலவு ஏறிவிடும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள்ளேயே ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

அப்புறம், காசைக் கொடுக்குமுன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் ஜப்பானிலிருந்து நேரே வந்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகக் கூடாது. ஒசாக்கா பக்கம் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். மோட்டார் ஏசி சிங்க்ரனஸ் வகையாகவும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கேற்ற வேகத்தில் சுற்றுவது) புல்லி, அதாவது மோட்டாரின் வேகத்தைத் தட்டுக்குக் கடத்தும் சிறு சக்கரம், 60 ஹெர்ட்ஸுக்கானதாகவும் இருந்தால், இங்கே 50 ஹெர்ட்ஸில் தட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். டி.எம்.எஸ். தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலிருக்கும். அதற்கு புல்லியைத்தான் மாற்ற வேண்டும். எந்த கார்ட்ரிட்ஜ் போட்டாலும் சரியாகாது.