தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் கணினியும்: கேள்வி பதில்

பதில் எழுதுபவர் ஈரோடு மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை.

அந்தியூர் ஆசிரியர்: எங்கள் பள்ளியில் கணினி கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு எதை வைத்துத் தொடங்குவது?

அட்டையை வைத்தே தொடங்கலாம் சார். கணினி இல்லாமலேயே கணினியின் அடிப்படைகளைக் கற்பிக்கும் முறையை நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் 1990களில் வளர்த்தெடுத்தார்கள். ஐந்து அட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் இட்டு, ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, அதே வரிசையில் வகுப்பைப் பார்த்து நிற்க வையுங்கள்; 16 வைத்திருக்கும் பிள்ளை வகுப்பாருக்கு இடக்கோடியில் நிற்கட்டும். "பதின்மூன்று காட்டுங்கள்" என்றால் 8, 4, 1 வைத்திருப்பவர்கள் புள்ளியைக் காட்டுவார்கள், மற்ற இருவரும் அட்டையைத் திருப்பிக்கொள்வார்கள். காட்டியவருக்கு 1, திருப்பியவருக்கு 0 என்று கரும்பலகையில் எழுதினால் 01101 வரும். கணினி எண்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான். 31 வரை எல்லா எண்ணும் இந்த ஐவருக்குள் அடங்கிவிடும். பிறகு 32 கேளுங்கள். சிறிது நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, ஆறாவதாக ஓர் ஆள் வேண்டும், அவர் அட்டையில் 32 புள்ளிகள் இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடாதீர்கள்.

நான்காம் வகுப்பில், 1 முதல் 100 வரை ஒருவர் நினைத்த எண்ணை "50க்கு மேலா?" என்று பாதி பாதியாகக் குறைத்து ஏழே கேள்விகளில் பிடிக்கச் சொல்லுங்கள், கணினி தேடும் முறையின் அடிப்படை அதில் இருக்கிறது.

கோவை பெற்றோர்: யூ.கே.ஜி. படிக்கும் மகனைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா?

இந்த வயதில் தேவையில்லை. அந்தப் பணத்துக்குக் கதைப்புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

பெருந்துறை வாசகர்: எந்த டேப்லெட் வாங்கலாம்?

மாடலும் விலையும் என் துறை அல்ல, கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடுமலை பெற்றோர்: மகன் விளையாட்டு ஆப்பில் பணத்தைச் செலவழித்துவிட்டான்.

ஆப்பில் அவனே வாங்கியதென்றால், பணத்தைத் திருப்பித் தரும்படி ஆப் ஸ்டோரில் உடனே விண்ணப்பியுங்கள். வேறு யாராவது ஏமாற்றி எடுத்திருந்தால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். யு.பி.ஐ. இரகசிய எண்ணை (PIN) பிள்ளைக்குச் சொல்லவே கூடாது. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

திருப்பூர் தாய்: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். எட்டு வயது மகளிடம் விளையாட்டு ஆப்பில் யாரோ போட்டோ கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

அத்தையிடமாவது சொன்னாளே என்று முதலில் ஆறுதல் கொள்ளுங்கள் சகோதரி. போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துதான் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரிடம் மறைக்கிறார்கள். ஆகவே, "சொன்னது நல்லதாச்சு கண்ணு, உன் மேல தப்பில்லை" என்பதே உங்கள் முதல் பேச்சாக இருக்கட்டும். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அந்த ஆளைத் தடை செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. ஆபாசமாகப் பேசியிருந்தாலோ, அப்படிப்பட்ட படம் கேட்டிருந்தாலோ அது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும்; காவல் நிலையத்துக்கே போங்கள். மகளுக்கு ஒரே ஒரு விதி போதும்: "அம்மாகிட்டச் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

நாமக்கல் தந்தை: பத்து வயது வரை போனே கொடுக்காவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே. நீங்கள் கொடுக்கச் சொல்வது சரியல்ல.

கொடுங்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. கொடுக்காமல் இருக்க முடிந்தவர்கள் கொடுக்க வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டிலும் பாட்டி கையிலும் போன் இருக்கிறது. உங்கள் பிள்ளை அதைத் தொடும்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்பே அறிந்திருக்க வேண்டாமா?

திருப்பூர் தாய்: வேலை முடிந்து நான் வீடு சேர இரவு எட்டாகிவிடும். போன் இல்லையென்றால் அவள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை. எல்லோர் வீட்டிலும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

இவர் சொல்வதை நாமக்கல்காரர் நிதானமாகப் படிக்க வேண்டும். பேசுவதற்கு மட்டும் பட்டன் போன் வைத்துக்கொள்வது இவருக்கு உதவும்.

நாமக்கல் தந்தை: ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பிள்ளை தூங்கிய பின் போனைச் சோதித்துப் பார்ப்பதாவது சரிதானே?

சோதியுங்கள், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து சோதியுங்கள். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற ஆப்பையும் அவன் எதிரிலேயே அமையுங்கள். திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்துவிட்டால், மறைக்கப் பழகிக்கொள்வான். அதன் பிறகு ஆபத்து வந்தாலும் உங்களிடம் வரமாட்டான். சொன்ன பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தாராபுரம், கரூர், சத்தியமங்கலம் பெற்றோர்: எந்த ஆப்பைப் போட்டால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும்?

மூவருக்கும் ஒரே பதில்: அப்படி ஓர் ஆப் இல்லை. தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பொள்ளாச்சி ஆசிரியை: ஆண்டு விழாப் படங்களைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போடலாமா?

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு போடுங்கள் டீச்சர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. தனிப்படங்களைத் தவிர்த்துக் கூட்டமாக எடுத்தவற்றைப் போடுங்கள். பெயரும் வகுப்பும் வேண்டாம். ஒரு பெற்றோர் மறுத்தாலும் அந்தப் பிள்ளை இருக்கும் படத்தை விட்டுவிடுங்கள். ஏன் மறுத்தார்கள் என்று பிள்ளையிடம் கேட்க வேண்டாம்.