இருவரும் விசுவாசிகள், ஆனாலும் வீட்டில் ஓயாத சண்டை. வேதத்தின்படி சமாதானமான குடும்பத்தைக் கட்டுவது எப்படி?

பெரும்பாலான வீடுகளில் ஜெபம் குறைவில்லை, ஒப்புரவாகுதல்தான் குறைவு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. நாமோ சண்டையை அப்படியே வைத்துவிட்டு முழங்காலில் நிற்கிறோம். மனைவியைக் கனம்பண்ணாவிட்டால் ஜெபத்துக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 கணவனிடம் நேராகவே சொல்கிறது.

ஒப்புரவாவதற்கு முதலில் செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். "உனக்கு வருத்தமா இருந்தா சாரி" என்பது மன்னிப்பே அல்ல, பழியைத் திருப்பி அனுப்புவது. "நேத்து உங்க அம்மா முன்னாடி உன்னை மட்டம் தட்டினேன். அது தப்பு, மன்னிச்சிடு." இவ்வளவு போதும். பின்னால் "ஆனா நீயும்..." என்று ஒட்டினால் எல்லாம் கெட்டது. பழைய கணக்கையும் எடுக்கக் கூடாது. 1 கொரிந்தியர் 13:5-இல் 'தீங்கு நினையாது' என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது கணக்கு எழுதுவதற்கான கிரேக்கச் சொல்.

எபேசியர் 4:26-ஐப் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும் முன் தணியவேண்டியது எரிச்சல். பிரச்சினை முழுவதும் அன்றைக்கே தீரவேண்டும் என்று அங்கே இல்லை. நள்ளிரவு வரை வாதாடினால் தூக்கக் கலக்கத்தில் வாய் தவறும். "கோபம் இல்லை, நாளைக்குச் சாயங்காலம் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டுப் படுக்கலாம். குறித்த நேரத்தில் பேசவும் வேண்டும்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. மாற்கு 16 அதிகாரம்தான். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் வாசித்தால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் மனதில் பட்டதை ஒரு வரியில் சொல்லட்டும், பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் ஜெபம். அதில் தன் குறைக்காகவே ஜெபிக்க வேண்டும். "ஆண்டவரே, இவருக்குப் பொறுமையைத் தாரும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது ஜெபமா, திட்டா?

கீழ்ப்படிதல் பற்றிக் கேட்பவர்கள் எபேசியர் 5:22-இல் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தின 21-ஆம் வசனமோ 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறது. மனைவிக்குச் சொன்னது 3 வசனம். கணவனுக்குச் சொல்வது 25-இலிருந்து கிட்டத்தட்ட அதிகாரம் முடியும்வரை நீள்கிறது, சிலுவைவரைக்கும் அன்பு கேட்கிறது. அவரவர் தன் பகுதியை வாசித்தால் போதும். அடி, மிரட்டலுக்கு இந்த வசனங்களில் இடமே இல்லை. அப்படி நடந்தால் பொறுத்துக்கொண்டு ஜெபிப்பதல்ல வழி. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமானவர்களிடம் சொல்லுங்கள், சட்டத்தின் உதவியைக் கேளுங்கள்.

பெற்றோர் விஷயம்: ஆதியாகமம் 2:24-இல் உள்ள 'விட்டு' என்பது கைவிடுவது அல்ல. 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லித் தாய் தகப்பனைக் கவனியாமல் விட இடங்கொடுத்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7). ஆனால் எந்த முடிவும் முதலில் துணைக்குத் தெரியவேண்டும், அப்புறம்தான் அம்மாவுக்கு.

துணைக்கு விசுவாசமே இல்லையென்றால் 1 பேதுரு 3:1 சொல்வது 'போதனையின்றி' நடக்கையினால் ஆதாயப்படுத்துவதை. மனைவிக்குச் சொன்னதுதான், கணவனுக்கும் பொருந்தும். தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதும் போதனைதான்.