விளிம்பு ஏன் வழவழப்பாக வரவில்லை? தோல் கைவினை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, செய்து முடித்த பொருளில் தெரிந்த குறையைப் பற்றியவை. அவற்றைப் படிக்கும்போது, குறை கண்ணில் பட்ட கட்டத்தைவிட அதற்கு ஒன்றிரண்டு கட்டங்கள் முன்னே என்ன நடந்தது என்பதையே தேடிப் பார்த்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் காரணம் அங்கேதான் இருந்தது.

கேள்வி: அட்டைகள் வைக்கும் சிறிய உறை ஒன்று செய்தேன். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நீர் தடவி, மர உருளையால் ஒரு மணி நேரம் தேய்த்தும் அது பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது. தோல் மிகவும் மிருதுவானது. வெட்டிய இடத்தின் நடுப்பகுதி மட்டும் சற்று நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரிகிறது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: உங்கள் கையில் தவறு இல்லை. விளிம்பின் நடுவில் தெரியும் அந்த நீலச் சாம்பல் நிறம், நீங்கள் வாங்கியது குரோம் பதனிட்ட தோல் என்பதைக் காட்டுகிறது. அதை ஒரு மணி நேரம் அல்ல, ஒரு நாள் முழுவதும் தேய்த்தாலும் கண்ணாடி போன்ற விளிம்பு வராது.

தோல் பதனிடுவதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானினில் தோலை ஊறவைத்துப் பதனிடுவது பழைய வழி; இதைத்தான் தாவர முறை என்கிறோம். அதற்கு வாரங்கள் ஆகும், தடித்த தோலுக்கு மாதங்களும் ஆகலாம். குரோமிய உப்புகளைக் கொண்டு ஏறத்தாழ ஒரே நாளில் பதனிட்டு முடிப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த வழி. டானின் ஏறிய தோல் நனைந்தால் இளகும், அழுத்திய வடிவத்தை உலர்ந்த பின்னும் விடாமல் வைத்திருக்கும், ஈரத்தோடு தேய்த்தால் அதன் இழைகள் உராய்வுச் சூட்டில் ஒன்றோடொன்று படிந்து இறுகும். விளிம்பு மெருகு என்று நாம் சொல்வது இந்த இறுக்கத்தைத்தான். குரோம் தோலின் இழைகள் நீரை அவ்வளவு எளிதில் ஏற்காமல், அழுத்தினாலும் மீண்டும் எழுந்துவிடும். பைக்கும் மேலாடைக்கும் அந்த நெகிழ்வு மிக நல்லது. விளிம்பு மெருகுக்கு உதவாது.

வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். தோலின் சதைப் பக்கத்தில் (சொரசொரப்பான உட்பக்கத்தில்) ஒரு சொட்டு நீர் வையுங்கள். தாவர முறையில் பதனிட்டதாக இருந்தால் அது விரைவில் உள்ளே இறங்கி, அந்த இடம் கருமை கொள்ளும். அங்கே நகத்தால் கீறினால் கோடு நிற்கும். ஒரு துண்டை எரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். குரோம் தோலின் புகையும் சாம்பலும் உடலுக்குக் கேடு என்பதால் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

இப்போது கையிலுள்ள உறையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. விளிம்புக்கென்று விற்கும் வண்ணப் பூச்சை மெல்லிய படலமாகப் பூசி, உலர்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மீண்டும் பூசுங்கள். மூன்று நான்கு பூச்சில் விளிம்பு மூடிக்கொள்ளும். அடுத்த முறை குரோம் தோலில் செய்வதானால், ஓரத்தைச் சீவி மெலிதாக்கி உட்பக்கமாக மடித்து ஒட்டித் தையுங்கள். வெட்டிய விளிம்பே வெளியே தெரியாது.

தாவர முறையில் பதனிட்ட தோலுக்கு (சுருக்கமாக, தாவரத் தோலுக்கு) மாறினால் உங்கள் பொறுமைக்குப் பலன் உடனே கிடைக்கும். இரண்டு அடுக்குகளையும் ஒட்டித் தைத்த பிறகு, அவை ஒன்றாகத் தெரியும்வரை 240 எண் உப்புத்தாளால் சமப்படுத்தி, விளிம்பு சீவும் கருவியால் இரு மூலைகளையும் மழுக்கி, 400, 600 என்று நுண்மையை ஏற்றிக்கொண்டே போங்கள். பிறகு நீரோ டிராககந்த் பிசினோ மிகக் குறைவாகத் தடவி, கான்வாஸ் துணியால் வேகமாகவும் லேசாகவும் தேயுங்கள். முதலில் விளிம்பு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். சற்று நேரத்தில் துணி இழுபடுவது குறைந்து, ஒரு கணத்தில் வழுக்கத் தொடங்கும். அந்த வழுக்கலை விரல் உணர்ந்ததும் நிறுத்துங்கள். கூடுதல் அழுத்தம் விளிம்பைக் காளான் போலப் பக்கவாட்டில் பிதுக்கிவிடும்.

கேள்வி: தொடக்கநிலையாளர்களுக்கென ஐம்பது கருவிகள் அடங்கிய தொகுப்பு கிடைக்கிறது. அதை வாங்கலாமா, தனித்தனியாகச் சேர்க்கலாமா?

பதில்: தனித்தனியாகச் சேருங்கள். அப்படிப்பட்ட தொகுப்புகளில் பாதிக் கருவிகள் தோலில் பூவேலை பதிப்பதற்கானவை. தைக்கவும் வெட்டவும் உள்ளவை பெரும்பாலும் பதம் இல்லாமல் வருகின்றன. மழுங்கிய கருவியோடு தொடங்குபவர் தனக்குக் கைவரவில்லை என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார் என்பதுதான் என் கவலை.

நல்ல கத்தி ஒன்று, இரும்பு ஸ்கேல், வெட்டும் பாய், தையல் துளை போட 4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பல் உளிகள் இரண்டு (ஒன்று நான்கு அல்லது ஆறு பல், மற்றொன்று வளைவுகளுக்காக இரண்டு பல்), மரத்தாலான கொட்டாப்புளி, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, மெழுகு ஏற்றிய நூல், குத்தூசி, விளிம்பு சீவும் கருவி, உப்புத்தாள், கோடு இழுக்க ஒரு கவராயம். பெல்ட், மணிபர்ஸ், கத்தி உறை எல்லாவற்றையும் இவற்றைக் கொண்டே செய்துவிடலாம். உளியை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள். அதன் தலை சிதைந்து விரியும். உளியின் அடியில் தடித்த பிளாஸ்டிக் பலகையும், அதற்கும் கீழே கனமான கருங்கல் பலகையும் இருந்தால் அடி முழுவதும் தோலுக்குள் இறங்கும்.

மிச்சப்படுத்திய பணத்தில் கத்திக்குப் பதம் ஏற்றும் பட்டை ஒன்றை நீங்களே செய்துகொள்ளுங்கள். ஒரு மரப்பலகைத் துண்டில் தோலை ஒட்டி, குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெழுகைத் தேய்த்தால் போதும். கத்தியை முதுகு முன்னே செல்லும்படி இழுக்க வேண்டும். கூரான பக்கம் முன்னே சென்றால் பட்டையையே வெட்டிவிடும். வேலை செய்யும்போது கால் மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து இழுப்பு இழுப்பது என் பழக்கம்.

கேள்வி: முன்பக்கத்தில் என் தையல் அழகாகச் சாய்ந்து வருகிறது. பின்பக்கத்தைத் திருப்பினால் கோடே வளைந்து கிடக்கிறது, சில தையல்கள் சாய்ந்தும் சில நேராகவும் இருக்கின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில்: இதில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. கோடு வளைவது துளையிடும்போதே நேர்ந்தது. உளி செங்குத்தாக நிற்காமல் உங்கள் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்ந்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலில் சிறிய சாய்வும் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் விலகலாகிவிடும். ஒரு மூலைமட்டத்தை உளியின் அருகில் நிறுத்திவைத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே அடியுங்கள். உளியின் முதல் பல் முந்தைய வரிசையின் கடைசித் துளையில் அமரும்படி உளியை நகர்த்தினால் இடைவெளியும் மாறாது.

தையல்கள் ஒன்றுபோல் இல்லாதது ஊசியின் வரிசை மாறுவதால். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தும் இந்தத் தையலில், ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை அந்தத் துளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் இயந்திரம் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு மட்டுமே நிற்பதால் ஒன்று அறுந்தால் வரிசையே தளரும். கையால் தைக்க நாம் செலவிடும் நேரத்துக்கு இந்த உறுதிதான் நியாயம். அதற்காகவே ஒழுங்கும் தேவைப்படுகிறது.

தைக்கும் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூலை அளந்துகொள்ளுங்கள். தோலை மரக் கவ்வியில் நிறுத்தி, முன்பக்கம் உங்கள் வலப்புறம் இருக்கட்டும். இடக்கை ஊசியை முதலில் செலுத்தி, அதன் நூலை முழுவதும் வலப்புறம் இழுத்துவிடுங்கள். இப்போது வலக்கை ஊசி அதே துளைக்குள் நுழைய வேண்டும். முதல் நூலைத் துளையின் ஒரு கோடிக்கு ஒதுக்கி, மறு கோடியில் ஊசியை நுழையுங்கள். பாதி நுழைந்ததும் முதல் நூலைச் சற்று முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அது தங்குதடையின்றி நகர்ந்தால் ஊசி நூலைக் குத்தவில்லை என்று பொருள். பிறகு இரு நூல்களையும் ஒரே அளவு விசையோடு, ஒரே கோணத்தில் இழுத்து இறுக்குங்கள். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலே போவதா கீழே போவதா என்பதை முதல் துளையிலேயே முடிவு செய்து, கடைசித் துளைவரை மாற்றாதீர்கள். தொலைபேசி ஒலித்து எழுந்துபோய் வந்தால், முந்தைய இரண்டு தையல்களைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். நான் கெடுத்த வரிசைகளில் பெரும்பாலானவை அப்படி எழுந்துபோய் வந்த பின் கெட்டவை.

பல் உளியின் துளை முன்பக்கத்தில் ஒரு திசையில் சாய்ந்திருந்தால், பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். ஆகவே ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் ஏறக்குறைய நேராகவும் வருவது இயல்பே. பின்பக்கத் தையல்கள் எல்லாமே நேராக வந்தால் அதைக் குறையென்று எண்ண வேண்டாம். பின்பக்கமும் சாய வேண்டுமென்றால், இரண்டாவது ஊசி துளையில் நிற்கும்போதே முதல் நூலை அதன்மேல் ஒரு சுற்று போட்டு இழுக்கலாம். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, பாலியஸ்டர் நூலானால் முனையை லேசாக உருக்கியும், லினன் நூலானால் ஒட்டப் பசை வைத்தும் வெட்டுங்கள்.

கேள்வி: தாவரத் தோலை நனைத்து வடிவம் கொடுத்தேன். மறுநாள் அதில் நீலக் கறுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. பூஞ்சையா?

பதில்: ஒரே இரவில் வந்ததால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பில்லை, இரும்பு பட்டிருக்கிறது. ஈரத்தில் டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும். முற்காலத்தில் எழுத்து மை செய்ததும் இதே வினையால்தான். நானும் ஒரு முறை ஈரத் தோலின் மீது இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுச் சாப்பிடச் சென்று, திரும்பி வந்து பார்த்தபோது அதன் விளிம்பு ஒரு கறுப்புக் கோடாகப் பதிந்திருந்தது. கத்தியைச் சாணை பிடித்த மேசையிலேயே தோலை நனைத்தால், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களே போதும்.

புதிய கறையை எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் பெருமளவு மறையும். பிறகு சுத்தமான நீரால் சாற்றை நீக்கிவிடுங்கள். நீர்த்த ஆக்சாலிக் அமிலம் இன்னும் நன்றாக வேலை செய்யும். அது நஞ்சு, கையுறையின்றித் தொடக்கூடாது. நனைப்பதற்கு வெதுவெதுப்பான நீருக்கு மேல் சூடு வேண்டாம். கொதிநீரில் தாவரத் தோல் சுருங்கி விறைத்துவிடும், அதை மீட்க முடியாது.

கேள்வி: பெல்ட் செய்து ஆறு மாதத்தில் இரண்டு துளை நீண்டுவிட்டது. தடிப்பு போதாதா?

பதில்: 3.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். (தோலின் தடிப்பை அவுன்ஸ் கணக்கில் சொல்லி விற்பவர்களிடம் 1 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு 8 முதல் 10 அவுன்ஸ் சரி.) வாரை வயிற்றுப் பகுதியிலிருந்து வெட்டியிருப்பீர்கள். அங்கே இழைகள் தளர்வாக இருக்கும், இழுத்தால் நீளும். முதுகெலும்புக் கோட்டுக்கு இணையாக, முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். வயிற்றுப் பகுதியை வீணாக்க வேண்டாம். நனைத்து வடிவம் கொடுக்கும் சிறு பொருள்களுக்கு அதன் நெகிழ்வு உதவும்.

கேள்வி: தைக்கும் முன்பே ஒட்டிய இடம் பிரிந்துவிடுகிறது.

பதில்: வழவழப்பான மேற்பக்கத்தின் மீது அப்படியே பசை தடவுகிறீர்கள். ஒட்டும் அகலத்துக்கு மட்டும் அதை உப்புத்தாளால் சுரண்டுங்கள். கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை, பத்து நிமிடம் அளவில், காத்திருந்து அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: முடித்த பொருளுக்கு எவ்வளவு எண்ணெய் இட வேண்டும்? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?

பதில்: நீட்ஸ்ஃபுட் எண்ணெயை (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) துணியில் தொட்டு, தோலில் மெல்லியதாக ஒரு முறை தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இன்னும் வறண்டு தெரிந்தால் மட்டுமே மறுமுறை. ஊறும்வரை ஊற்றிய தோல் துவண்டு, விறைப்பை இழந்து, தையலைச் சுற்றித் தொங்கும். ஏறிய எண்ணெயை இறக்க நல்ல வழி இல்லை. மேலே தேன்மெழுகு கலந்த பூச்சு ஒன்று போதும்.

பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படும் அலமாரியில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து விரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை படிந்தால் வீட்டுக்கு வெளியே உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள்; கடும் வெயிலில் போட்டால் தாவரத் தோல் வறண்டு, வெயில் பட்ட பக்கம் மட்டும் கருத்துவிடும்.