எந்த மாயாவி? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாயாவிக்கு இரும்புக் கை, கரண்ட் பட்டா மறைஞ்சிடுவார் எண்டு அப்பா சொல்லுறார். எனக்குத் தெரிஞ்ச மாயாவி முகமூடி போட்டுக்கொண்டு வெள்ளைக் குதிரையில வாறவர், குத்தினா தாடையில மண்டையோட்டு அடையாளம் விழும். ரெண்டு நாளா வீட்டில இதே சண்டை. ஆர் சரி?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ரெண்டு பேரும் சரி, ஏனெண்டா ரெண்டும் வேற வேற ஆள். அப்பாட ஆள் இங்கிலாந்து. 1962 இல 'வேலியண்ட்' எண்ட வாரப் புத்தகத்தில தொடங்கின கதை, படம் கீறினவர் பிளாஸ்கோ எண்ட ஸ்பெயின்காரர். கதாநாயகன்ட பேர் லூயிஸ் கிராண்டல், ஆய்வுகூடத்தில உதவியாளா இருந்தவன். கரண்ட் பாய்ஞ்சா உடம்பு முழுக்க மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில நிக்கும். ஆள் தொடக்கத்தில நல்லவனுமில்ல, பிறகுதான் திருந்தி உளவாளியானவன். சிவகாசியில 1972 இல முத்து காமிக்ஸ் தொடங்கேக்க முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான், அதால அந்த வயசுக்காரருக்கு மாயாவி எண்டா அவர் ஒருத்தர்தான்.

உங்கட ஆள் அமெரிக்கா, 'பாண்டம்'. லீ ஃபால்க் எழுதி 1936 பெப்ரவரி 17 பேப்பரில தொடங்கினது, சுப்பர்மானுக்கே 2 வருஷம் மூத்தவர். முதல் கதையில ஒரு பணக்கார வாலிபன்தான் ரகசியமா முகமூடி போடுறவன் எண்டு காட்டத்தான் ஃபால்க் நினைச்சிருந்தவர், பாதிக் கதை போகேக்க மனசை மாத்தி ஆளைக் காட்டுக்குக் கொண்டுபோய் 400 வருஷப் பரம்பரையைக் கட்டிவிட்டார். முதல்ல ஆசியாப் பக்கம் இருந்த காடும் பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டுது, ஆரும் கேள்வி கேக்கேல்ல!

1964 இல பம்பாயில இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கினதும் இவரை வச்சுத்தான். பங்காலா எண்ட அவர்ட நாட்டைக் கேட்டா வங்காளம் மாதிரி இருக்கும் எண்டு அங்க டெங்காலி ஆக்கினாங்கள். தமிழில முதல்ல வேதாளர், வேதாளன் எண்டுதான் பேர், பிறகு ராணி காமிக்ஸ் இவரையும் 'மாயாவி' ஆக்கிவிட, இப்ப உங்கட வீட்டில சண்டை. என்னைக் கேட்டா வேதாளர்தான் நல்ல பேர், சாகாத ஆவி எண்டு காட்டுச் சனம் நம்புறவருக்கு அதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்.

கேள்வி: வேதாளர்ட உடுப்பு ஒரு புத்தகத்தில ஊதா, இன்னொண்டில நீலம், வெளிநாட்டுப் புத்தகம் ஒண்டில சிவப்பு. அச்சுப் பிழையா?
(வாசகி, தெஹிவளை)

பதில்: பிழையெண்டும் சொல்லலாம். பேப்பரில தினமும் வந்தது கறுப்பு வெள்ளை, ஃபால்க் மனசில இருந்தது சாம்பல் கலர், காட்டுக்குள்ள ஆவி மாதிரித் தெரியவேணும் எண்டு. 1939 இல ஞாயிற்றுக்கிழமைக் கலர்ப் பக்கம் தொடங்கேக்க ஊதா அடிச்சு வந்திட்டுது, அதோட அது நிலைச்சும் போச்சு. மற்ற நாட்டுக்காரர் தங்கட பாட்டுக்கு அடிச்சாங்கள், சுவீடனில நீலம், இத்தாலியில சிவப்பு. காட்டில ஒளிஞ்சு திரியிற மனிசனுக்குச் சிவப்பு உடுப்பு!

கேள்வி: வேதாளருக்கு வயசே போகாதா? கூட வாற நாய்க்கும் போகாதா?
(மாணவன், வத்தளை)

பதில்: தம்பி, அது நாய் இல்ல, ஓநாய், பேர் டெவில். நாங்கள் வாசிக்கிற வேதாளர் 21 ஆவது ஆள், 1536 இல இருந்து அப்பன் செத்தா மகன் முகமூடி போடுவான். எழுதின ஃபால்க் 1999 இல செத்திட்டார், கதை இன்னும் பேப்பரில வருது. அவுஸ்திரேலியாவில 1948 இல தொடங்கின புத்தகமும் நிக்கேல்ல.

கேள்வி: பழைய ராணி காமிக்ஸ் கொழும்பில எங்க எடுக்கலாம்?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மருதானைப் பக்கம் விஜேவர்தன மாவத்தையில பழைய புத்தகக் கடையளைக் கிண்டிப் பாருங்கோ, சிங்களப் பாடப் புத்தகக் கட்டுக்கு அடியில சிலநேரம் கிடக்கும். காசு குடுக்க முந்திக் கடைசிப் பக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ. நான் பார்க்காம வாங்கி, வீட்ட வந்து மேலட்டையில ஆரோ பேனையால வேதாளருக்கு மீசை கீறியிருந்ததைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு வாசிச்சா, கடைசி நாலு பக்கத்தையும் காணேல்ல, வேதாளர்ட காதலி டயானாவைக் கடத்தினவன் ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.