போட்டோ எடிட்டிங்குக்கு எந்த அளவு பென் டேப்லெட் வாங்கலாம்: ஸ்மாலா, மீடியமா, லார்ஜா?

24 அங்குல மானிட்டர், படம் வரைவதில்லை, முழுக்க ஃபோட்டோஷாப் ரீடச்சிங்தான் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பென் டேப்லெட்டில் (மவுஸுக்குப் பதில் பேனாவால் வேலை செய்யும் பலகை) மீடியம் வாங்குங்கள். இதைச் சொல்கிற நான் முதலில் வாங்கியது லார்ஜ்.

கல்யாண ஆல்பம் வேலைக்கு வந்த புதிது. வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன். மேசையில் வைத்த பிறகுதான் கீபோர்டுக்கு இடமில்லை என்று தெரிந்தது. வலது கையில் பேனா இருந்தால் இடது கை கீபோர்டிலேயே கிடக்க வேண்டும்: பிரஷ் அளவை மாற்ற, ஸ்பேஸ்பாரைப் பிடித்துப் படத்தை நகர்த்த, ஆல்ட் அழுத்தி குளோன் எடுக்க (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூச). கீபோர்டை இடப்பக்கம் தள்ளினேன். பஸ் ஸ்டியரிங் பிடித்த மாதிரி இரண்டு கையும் அகலமாக விரிந்து நின்றன. ஒரு மாதத்தில் இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அளவு ஏன் முக்கியம் என்றால், மவுஸை எடுத்து எடுத்து வைத்து நகர்த்துவது போல இதில் முடியாது. டேப்லெட்டின் மூலை திரையின் மூலை, அவ்வளவுதான். 24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 53 செ.மீ. வேகாம் கம்பெனியின் இன்டுவோஸ் என்ற மாடலில், ஸ்மாலில் பேனா வேலை செய்யும் பரப்பு 152-க்கு 95 மி.மீ., மீடியத்தில் 216-க்கு 135. ஆக ஸ்மாலில் கை ஒரு செ.மீ. நகர்ந்தால் திரையில் மூன்றரை செ.மீ. ஓடும், மீடியத்தில் இரண்டரை. டேப்லெட்டின் நுணுக்கம் இரண்டிலும் ஒன்றுதான், அங்குலத்துக்கு 2540 கோடு. நம் கை நடுக்கம்தான் ஸ்மாலில் கூடுதலாகப் பெருகித் தெரியும்.

‘ஜூம் பண்ணிக்கொண்டால் போச்சு’ என்பார்கள். பரு, தழும்பு எடுப்பதற்கு அது சரி. ஆனால் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி ஓரத்தில் பறக்கும் ஒரு முடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது காதைத் தாண்டி ஜிமிக்கி வரை வளைந்து வரும். அதை ஒரே இழுப்பில் எடுத்தால்தான் சுத்தமாக வரும். ஜூம் பண்ணித் துண்டு துண்டாக எடுத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். டாட்ஜ் அண்ட் பர்னும் (சில இடங்களை வெளிச்சமாக்கி, சில இடங்களை இருட்டாக்குவது) அப்படித்தான், முழு முகத்தையும் பார்த்தபடி செய்ய வேண்டிய வேலை. இங்கேதான் ஸ்மால் சோதிக்கும்.

இரண்டு மானிட்டர் வைத்திருந்தால் டிரைவர் செட்டிங்கில் டேப்லெட்டை ஒரு திரைக்கு மட்டும் மேப் பண்ணிவிடுங்கள். இரண்டுக்கும் விட்டால் மீடியமும் ஸ்மாலைவிட மோசமாகிவிடும். அங்கேயே ‘ஃபோர்ஸ் புரபோர்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதையும் டிக் பண்ணுங்கள். டேப்லெட் 16:10, உங்கள் மானிட்டர் அநேகமாக 16:9; டிக் பண்ணாவிட்டால் கை போட்ட வட்டம் திரையில் லேசாக நீள்வட்டமாக விழும். பண்ணினால் உயரத்தில் ஒரு செ.மீ. வீணாகும், பரவாயில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு ஏ4 தாளை எடுங்கள். 2017-இல் வந்த இன்டுவோஸ் புரோ லார்ஜின் வேலைப் பரப்பு 311-க்கு 216 மி.மீ., அந்தத் தாளைவிடச் சற்றுப் பெரிது. பாதியாக மடித்தால் கிட்டத்தட்ட மீடியம், கால்வாசியாக மடித்தால் ஸ்மால். கீபோர்டுக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி வைத்து, பேனாவால் மூலைக்கு மூலை போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள சட்டத்துக்கும் இடம் விட மறக்காதீர்கள். அந்தப் புரோ லார்ஜ் சட்டத்தோடு சேர்த்து மொத்தம் 43 செ.மீ. அகலம். ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற மற்ற கம்பெனிகளில் 10-க்கு 6 அங்குலம் என்று போட்டிருப்பவை மீடியத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, அவையும் உங்களுக்குப் போதும்.

வெளியூர் கல்யாணத்துக்குப் போகும்போது என் பையில் ஒரு ஸ்மால் இருக்கும். 14 அங்குல லேப்டாப் திரை 31 செ.மீ. அகலம்தான், டேப்லெட்டைப் போல இரண்டு மடங்கு. அதில் ஒருநாளும் கை தடுமாறியதில்லை.